பைப்பைப் பிடித்துக்கொண்டு போன கரகம்

சிரிக்கக் கூடாத இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வரும். செத்த வீட்டில் வந்திருக்கிறது. ஏ.எல். பரீட்சை மண்டபத்தில் வந்து, மேற்பார்வைக்கு நின்ற டீச்சர் என் பேப்பருக்குள் துண்டு ஏதும் இருக்கிறதா என்று உதறிப் பார்த்திருக்கிறார். அதனால், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே புதிதாகத் திறந்த சுற்றுலா ஹோட்டலில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேர்முகத் தேர்வுக்குப் போன அன்று, பல்லைக் காட்டாமல் திரும்பி வரவேண்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுதலாக இருந்தது.

ஹோட்டல் புதிது, கட்டிடம் பழையது. நமுனுகுல மலைக்கும் எல்ல ஊருக்கும் நடுவே இருக்கிற எங்கள் தோட்டத்தில் ஒரு காலத்தில் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை குடியிருந்த பங்களா அது. துரைமார் கீழே வேறு வீட்டுக்கு இறங்கிய பிறகு வௌவால்கள் குடியிருந்தன. அதைக் கொழும்பில் யாரோ குத்தகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, முன்னால் இருந்த புல்வெளியை வெட்டி நீச்சல் குளம் கட்டினார்கள். குளத்தின் ஒரு பக்கத்தில் கரையே தெரியாது. தண்ணீர் அப்படியே பள்ளத்தாக்குக்குள் கொட்டிவிடும் போல இருக்கும், ஆனால் கொட்டாது. அதில் கழுத்தளவு நின்றுகொண்டு எதிர்மலையைப் பார்ப்பதற்காக எங்கெங்கிருந்தோ ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்கள். தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடான லயத்தில் எங்கள் காம்பராவிலிருந்தும் அதே மலைதான் தெரியவேண்டும். அந்தப் பக்கம் சன்னல் வைக்காததால் தெரிவதில்லை.

மெனேஜர் கொழும்பிலிருந்து வந்தவர். சிங்களமும் இங்கிலீசும் கலந்து பேசுவார். கோபக்காரர் இல்லை, ஆனால் எந்நேரமும் யாரோ தன்னைத் தொலைபேசியில் திட்டப்போகிறார்கள் என்ற முகத்தோடு இருப்பார். அவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். வருகிற விருந்தினர்களுக்குச் சொல்ல உங்கள் ஊரில் விசேசமாக என்ன இருக்கிறது? எனக்கு முன்னால் போன பிள்ளைகள் நீர்வீழ்ச்சி, பாலம், ரயில் என்று சரியான பதிலைச் சொல்லியிருந்தார்கள். நான் எங்கள் பீலியைச் சொன்னேன்.

பீலி என்பது வேறொன்றுமில்லை. மேலே பாறை இடுக்கில் ஊறுகிற தண்ணீர், சிமெந்து வாய்க்கால் வழியாக இறங்கி, லயத்துக்குப் பின்னால் ஒரு குழாய் நுனியிலிருந்து கொட்டுகிற இடம். மூன்று லயங்களுக்கும் அது ஒன்றுதான். குடிக்க எடுப்பது, துவைப்பது, குளிப்பது, சண்டை பிடிப்பது, யார் வீட்டுக்கு யார் பெண் கேட்டு வந்தார்கள் என்று தெரிந்துகொள்வது எல்லாம் அங்கேதான். ஊவாப் பக்கம் ஆடி மாதத்தில் காற்று வீசி வீசி மானாப்புல் எல்லாம் தீப்பிடிக்கத் தயாராக நிற்கும். அப்போதுகூட எங்கள் பீலியில் அம்மாவின் மணிக்கட்டு மொத்தத்துக்குத் தண்ணீர் விழும். இதையெல்லாம் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கையால் அளவு காட்டிச் சொன்னேன். வேலை கிடைக்கவேண்டும் என்ற ஆவலில் கொஞ்சம் பாடிக்கூடக் காட்டியிருப்பேன்.

அவர் எழுந்து, வா காட்டு என்றார். என்னிடம் இருந்த ஒரே நல்ல சப்பாத்தோடு அவரை ஊற்றுக் கண் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார், கண்ணை மூடினார், போனில் படம் எடுத்தார். அடுத்த கிழமை வேலை கிடைத்தது. நான் மாரியம்மன் கோயிலில் சூடம் கொளுத்தி நன்றி சொன்னேன். எதற்கு நன்றி சொல்கிறேன் என்று அப்போது தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எங்கள் மலைக்கு எத்தனை விதமான சம்பாத்தியம் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். கொழுந்து ஒன்றுதான் சம்பாத்தியம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இங்கே மலை தெரிகிற அறைக்கு ஒரு விலை, தெரியாத அறைக்கு ஒரு விலை. பனிமூட்டம் வந்து மலையே காணாமல் போனாலும் விலை குறையாது. காற்றுக்கு விலை உண்டு, அதற்கு ‘அமைதி’ என்று பெயர். அம்மா கூடையோடு நிற்கிற மலைக்கு விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் பிடிக்க வைக்கவும் ஒரு சுற்றுலா இருந்தது. இவ்வளவு சம்பாதிக்கிற மலையின் மடியில் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் கூரைத் தகரம் பறக்காமல் இருக்கக் கல் வைத்து அழுத்தியிருந்தோம். நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். மாதக் கடைசியில் சம்பளம் வந்தது. அது அம்மாவுடையதைப் போல இரண்டு மடங்கு. கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பங்குனியில் லொறியில் கறுப்பு பைப் சுருள்கள் வந்து இறங்கின. தூக்கிக்கொண்டு மேலே ஏற ஆள் வேண்டுமென்று எங்கள் டிவிசன் பெண்களைக் கேட்டார்கள். மலைக்குப் போகாமல் பைப் தூக்கினாலும் முழுப் பேர் போடுவார்கள் என்று காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் சொன்னார்களாம். பேர் போடுவதென்றால் ஒரு நாள் கூலிக்குக் கணக்கு. கொழுந்து நிறுக்கிற வேலை இல்லாமல் முழுப் பேர் என்றதும் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் செய்த கூத்து அதுவல்ல. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவர் வந்து வீட்டு வாசலுக்கே குழாய்த் தண்ணீர் தருவேன் என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தக் குழாய்தான் ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். பைப்பைக் கண்டால் நமக்குத்தான் என்று நினைக்கிற அளவுக்கு நல்ல மனசு எங்கள் தோட்டத்தைத் தவிர வேறெங்கும் இருக்காது. என் மாமா, அம்மாவின் தம்பி, கோயில் பூசாரி. அவர் முதல் சுருளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, எல்லாருக்கும் அவித்த கடலை கொடுத்திருக்கிறார். பிறகு குலவை போட்டுக்கொண்டு தூக்கிப் போயிருக்கிறார்கள்.

சாயங்காலம், பைப்பின் நுனி லயத்துப் பக்கம் திரும்பாமல் பங்களாப் பக்கம் திரும்பியதாம். ஆளுக்கொரு பணிசும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினார்களாம். வீட்டுக்கு வந்த அம்மா தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னாள். ஊற்றைக் காட்டிக் கொடுத்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பாழாய்ப் போன சிரிப்பு வந்தது. பூசை போட்ட பைப் என்று சொல்லிச் சிரித்துச் சமாளித்தேன்.

பங்குனி, சித்திரையில் மழை இருந்ததால் பைப்புக்கும் தண்ணீர் போனது, பீலிக்கும் வந்தது. ஆனியில் மணிக்கட்டு மொத்தம் விரல் மொத்தமாகியது. ஆடி பிறந்தபோது பீலிக் குழாயின் நுனியில் ஒரு குளவி கூடு கட்டிவிட்டது. தோட்டத்துத் துரையிடம் போனால், பங்களாவோடு ஊற்றும் குத்தகைக்குப் போய்விட்டது, ஹோட்டலைக் கேளுங்கள் என்றார். ஹோட்டலில் கேட்டால், நாங்கள் தோட்டத்தோடுதான் ஒப்பந்தம் எழுதியிருக்கிறோம், துரையைக் கேளுங்கள் என்றார்கள். பெண்கள் கடைசி மலைக்கும் கீழே இருக்கிற ஆற்றில் இறங்கித் தண்ணீர் அள்ளி, வாளியோடு ஏறி வரத் தொடங்கினார்கள். நாள் முழுவதும் கொழுந்து எடுத்த காலோடு அந்த ஏற்றத்தில் ஏறுவதென்றால் உயிர் போய் வரும். அம்மா ஒரு நாளைக்கு இரண்டு தடவை போனாள். என்னை ஒரு தடவைகூட விடவில்லை. உடுப்பு அழுக்காகிவிடும், வேலைக்குப் போகிற பொம்பளைப் பிள்ளை என்று சொல்லிவிடுவாள்.

பக்கத்துக் காம்பராப் பெரியம்மா தினமும் காலையில் வெறும் வாளியை வாசல் இஸ்தோப்பில் வைத்துவிட்டு, ஊற்றைக் காட்டிக் கொடுத்தவன் எவனோ அவன் நாக்கு வத்திப்போக என்று சாபம் விடுவார். நான் உள்ளே நின்று தலை வாரிக்கொண்டிருப்பேன். நாக்கு வத்துகிறதா என்று பார்க்க உடனே ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். அது அம்மா ஆற்றிலிருந்து தூக்கி வந்த தண்ணீர். பயமும் வெட்கமுமாக இருக்கும், அதோடு பெரியம்மா ‘அவன்’ என்றே சாபம் விடுவதால் அது என்னைப் பிடிக்காது என்று ஒரு அல்ப சந்தோசமும் இருக்கும்.

ஹோட்டலில் அந்தத் தண்ணீர் என்ன பாடுபட்டது தெரியுமா? குளத்தை நிரப்பியது. புல்லுக்குப் பாய்ந்தது. ஒவ்வொரு அறையிலும் கண்ணாடிப் போத்தலில் நின்றது. போத்தலுக்கு ஒட்டுகிற காகிதத்தில் நாலு வரி எழுதித் தரும்படி மெனேஜர் என்னிடம்தான் கேட்டார். லயத்தில் தண்ணீர் இல்லை சேர் என்று அன்றைக்கு மெல்ல இழுத்தேன். பார்ப்போம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் பேனையைக் கையில் கொடுத்தார். கடும் வறட்சியிலும் வற்றாத மலை ஊற்று என்று இங்கிலீசில் எழுதிக் கொடுத்தேன். ஊருக்கே தண்ணீர் இல்லாத மாதத்தில் அப்படி எழுதிக் கொடுத்த கை இது. இப்போதும் அந்தப் போத்தலைக் கண்டால் காது சூடாகிறது.

எங்கள் கோயில் திருவிழா ஆடியில்தான். அதில் முதல் வேலை கரகம் பாலிப்பது. விரதம் இருக்கிற பூசாரி வெறும் செம்புக் குடத்தோடு பீலிக்குப் போய், அங்கேயே குளித்து, அந்தத் தண்ணீரையே குடத்தில் பிடித்து, வேப்பிலையும் பூவும் சுற்றி அம்மனைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். வேறு தண்ணீரில் பாலிக்க முடியாது. ஆற்றுத் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து பீலிக் குழாயின் மேல் ஊற்றி, கீழே பிடித்துக்கொண்டால் என்ன என்று தோட்டத் தலைவர் ஒரு யோசனை சொன்னாராம். அம்மன் என்ன கண்ணில்லாதவளா என்று மாமா பத்து நாள் விரதப் பசியோடு சண்டைக்குப் போய்விட்டார். தண்ணீர் கிடைக்காவிட்டால் இந்த வருசம் திருவிழா இல்லை என்ற பேச்சு எழுந்துவிட்டது. அப்படி ஒன்று எங்கள் தோட்டத்தில் நடந்ததே இல்லை. என் நாக்கால் ஒரு திருவிழாவே நிற்கப்போகிறது.

கரக நாளன்று எனக்கு லீவு இல்லை. ஆடி மாதம்தான் வெள்ளைக்காரர்கள் குவிகிற காலம், அறைகள் எல்லாம் நிறைந்திருந்தன. பின்னேரம் தேத்தண்ணி நேரத்துக்குக் குளக்கரையில் ஆட்டம் நடத்தப் பதுளையிலிருந்து ஒரு குழுவை மெனேஜர் பேசியிருந்தார். விருந்தினர்கள் குளித்த உடுப்போடே கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். குழுவைக் காணோம். வழியில் வேனுக்கு டயர் போய்விட்டதாம். மெனேஜர் புல்லில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார்.

அப்போதுதான் தப்பு மேளச் சத்தம் கேட்டது. கரக அடி. எங்கள் லயம் கீழே இருக்கிறது. சத்தமோ மேலேயிருந்து, தேயிலைக்குள்ளேயிருந்து வந்தது. எனக்கு விளங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், மஞ்சள் வேட்டியும் மாலையுமாக மாமா முன்னால் வருகிறார். தலைக்கு மேலே வெறும் குடம். அவருக்குப் பின்னால் தப்புக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் மஞ்சள் சேலையில் மூன்று லயத்துப் பெண்களும். எல்லாரும் நேர்வழியை விட்டுவிட்டு வளைந்து வளைந்து இறங்கி வந்தார்கள். கொஞ்சம் கிட்ட வந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. பைப் எப்படி வளைந்து வருகிறதோ அப்படி வந்துகொண்டிருந்தார்கள். வறண்ட பீலியில் நின்று அழுது பார்த்துவிட்டு, ஊற்றுக் கண்ணுக்கு ஏறி, அங்கே பைப்பைக் கண்டு, தண்ணீர் எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் அம்மனும் போயிருப்பாள், பைப்பைப் பிடித்துக்கொண்டு போவோம் என்று மாமா சொல்லியிருக்கிறார். பூசை போட்டுத் தூக்கிப்போன அதே பைப். பாதை மறக்குமா?

மெனேஜர் என்னிடம் ஓடி வந்தார். பதுளைக் குழு இதுதானா என்று கேட்டார். அவர் முகத்தில் அவ்வளவு ஆறுதல் இருந்தது. இல்லை சேர், இது என் மாமா, அது என் அம்மா என்று நான் சொல்லியிருந்தால் காவல்காரன் கேற்றைச் சாத்தியிருப்பான், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

“ஔ சேர்,” என்றேன். ஆமாம் என்று அர்த்தம். என் வாழ்க்கையில் நான் பேசிய மிகத் திறமான சிங்களம் அதுதான்.

கேற் திறந்தது. விருந்தினர்கள் கைதட்டினார்கள். மாமா யாரையும் பார்க்கவில்லை. குளத்தின் விளிம்புக்கு வந்து நின்று, என்னை மட்டும் திரும்பிப் பார்த்து மெல்லக் கேட்டார்.

“இது நம்ம பீலித் தண்ணிதானே பாப்பா?”

“ஆமா மாமா.”

“அப்ப சரி.”

சொல்லிவிட்டு இறங்கினார். குளம் ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் ஆள் மறையும் ஆழம் என்று சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. மாமா ஆழமான பக்கத்தில் கால் வைத்தார். மறுகணம் மாமா இல்லை. தண்ணீருக்கு மேலே செம்புக் குடம் மட்டும், இரண்டு கைகளோடு, நேராக நின்றது. விருந்தினர்கள் இதுவும் ஆட்டத்தில் ஒரு அங்கம் என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள். குளத்துக்குள் நின்ற, கையெல்லாம் பச்சை குத்திய இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் இருபக்கமும் தாங்கி அவரை ஆழமில்லாத பக்கத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மாமா கண்ணைத் திறக்கவில்லை. ஒன்றுமே நடக்காத மாதிரி குடத்தில் தண்ணீர் பிடித்தார். உள்ளே மூழ்கியபோது அம்மன்தான் தாங்கினாள் என்று இன்றைக்கும் சொல்லுவார். அம்மனுக்குக் கையில் பச்சை குத்தியிருந்ததா என்று நான் ஒரு தடவை கேட்டு, குட்டு வாங்கினேன்.

பெண்கள் வழக்கப்படி மஞ்சள் தண்ணீரைக் குடத்தின் மேல் ஊற்றினார்கள். குளம் ஒரு மூலையிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வந்தது. குலவைச் சத்தத்தில் பள்ளத்தாக்கே எதிரொலித்தது. விருந்தினர்களில் வயதான அம்மா ஒருவர் குளிக்கிற உடுப்போடே எழுந்து ஆடத் தொடங்கினார். எங்கள் பெரியம்மா அவருக்கு வேப்பிலை கொடுத்து, அடி எடுத்து வைக்கச் சொல்லிக் கொடுத்தார்.

அம்மா விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். முதலில் பெருவிரலை வைத்துப் பார்த்தாள். பிறகு கால் கழுவினாள். பிறகு, இருபது நாளாக வாளித் தண்ணீரில் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள், சேலையோடு படி இறங்கி, தலை முழுகி எழுந்தாள். அவ்வளவுதான். மூன்று லயமும் இறங்கிவிட்டது. யாருடைய இடுப்பிலிருந்தோ சவர்க்காரக் கட்டி வந்தது. யாரிடமோ ஷாம்பு பைக்கட் இருந்தது. ஒருத்திக்கு ஒருத்தி முதுகு தேய்த்தார்கள். எல்லாரும் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். கொழுந்து மலையில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் வரவேற்பு மேசைச் சீருடையில் நின்றுகொண்டு, சந்தோசத்தில் சிரித்தேன். என் வேலை போய்விடும் என்று தெரிந்தும் சிரிப்பு நிற்கவில்லை.

கரகம் பாலித்ததும் முதல் மரியாதை அந்த இடத்துத் துரைக்கு. தலைப்பாகை கட்டி மாலை போடுவார்கள். தலைப்பாகை தலையில் இருக்கும்போது தோட்டம் ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. இது தெரிந்த துரைமார் படம் எடுத்தவுடனே அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார்கள். மெனேஜருக்கு இது தெரியாது. மாமா சிவப்புத் துணியைச் சுற்றிக் கட்டியபோது குனிந்து வாகாகக் காட்டினார். மாலையோடு நின்று எல்லாப் பக்கமும் திரும்பிப் படம் பிடிக்க இடம் கொடுத்தார்.

மாமா கைகூப்பினார். நனைந்த வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“ஐயா, பீலியில தண்ணி இல்லீங்க. எங்க தண்ணிய எங்களுக்கு விடுங்க.”

மெனேஜர் என்னைப் பார்த்தார், மொழிபெயர்க்கச் சொல்லி. அவருக்குச் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சாபம் விட்ட பெரியம்மா அங்கே தலை நிறைய நுரையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விருந்தினர்கள் பக்கம் திரும்பி, இங்கிலீசில், சத்தமாக, ஒன்றும் விடாமல் சொன்னேன். இந்தக் குளத்தில் நிற்பது இவர்களுடைய ஊற்றுத் தண்ணீர். பைப் வந்த பிறகு கீழே இவர்கள் வீடுகளில் குடிக்கவும் தண்ணீர் இல்லை. அதைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

தப்பு நின்றுவிட்டது. ஆடிய வயதான அம்மா தன் கதிரைக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடிப் போத்தலை எடுத்து, நான் எழுதிய நாலு வரியை மெல்ல வாசித்தார். பிறகு மெனேஜரைப் பார்த்து, கொடுத்துவிடுவீர்கள்தானே என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கைதட்டத் தொடங்கினார். எல்லாரும் தட்டினார்கள். அத்தனை போன்களும் மெனேஜரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. அவர் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தார். தலையாட்டினார்.

ஊர்வலம் கேற்றைத் தாண்டிய கையோடு பதுளைக் குழுவின் வேன் உள்ளே வந்தது. மெனேஜர் வேனைப் பார்த்தார், மஞ்சள் குளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உனக்கு முதலிலேயே தெரியுமா என்று கேட்டார். தெரியும் சேர் என்றேன். சொல்லும்போதே சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது, அடக்க முடியவில்லை. அவர் கதிரையில் உட்கார்ந்தார். பிறகு தலைப்பாகையின் நுனி எங்கே இருக்கிறது என்று தேடித் தோற்றுப்போய், இதை எப்படிக் கழற்றுவது என்று என்னையே கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலைச் சாப்பாட்டில் நாலு மேசையிலிருந்து, தண்ணீர் விட்டாயிற்றா என்று கேட்டார்கள். அதனால் என்னை அனுப்பவும் அவரால் முடியவில்லை.

தண்ணீர் வந்தது. முழுவதும் வந்தது என்று சொன்னால் பொய். கொழும்பு ஒத்துக்கொள்ளவில்லையாம். இரண்டு அங்குல பைப்பில் ஒரு துளை போட்டு, அரை அங்குலத்துக்கு ஒரு கிளை லயத்துப் பக்கம் திருப்பினார்கள். குளவிக் கூட்டை மாமா கலைத்தார். என் சின்னவிரல் மொத்தத்துக்குத் தண்ணீர் விழுந்தது. அடுத்த ஆடியில் ஹோட்டலே ஆள் அனுப்பிக் கரகத்தைக் கூப்பிட்டது. அந்தக் கிழமைக்கு இப்போது அறை விலை கூட. எங்கள் அம்மனையும் மலையோடு சேர்த்து விற்கிறார்கள் என்று நான் வீட்டில் குதித்தேன். மாமா அலட்டிக்கொள்ளவில்லை. விக்கட்டும், தலைப்பாகையக் கட்டுவோம் என்றார். கட்டினார்கள். இன்னொரு அரை அங்குலம் கேட்டார்கள். மெனேஜர் இப்போது படம் எடுத்ததும் தலைப்பாகையைக் கழற்றப் பழகிவிட்டார். மாமாவும் படம் எடுக்கும் முன்பே கேட்கப் பழகிவிட்டார். போன ஆடியோடு ஒன்றரை அங்குலம் ஆகிவிட்டது. இன்னும் அரை அங்குலம் பாக்கி. போத்தல் காகிதத்தில் என் நாலு வரிதான் இன்னும் இருக்கிறது.

முதல் கரகத்தன்று சாயங்காலத்தைச் சொல்லவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனேன். அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து, தலைமயிரை விரித்துப்போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சளும், குளத்து மருந்து வாடையும், யாருடையதோ ஷாம்பு வாசமும் சேர்ந்து வந்தன. அவ்வளவு சந்தோசமாக அவளைப் பார்த்ததும், இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனிமேல் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஊற்றை மெனேஜருக்குக் காட்டியது நான்தான் அம்மா. வேலைக்காகக் காட்டினேன்.

அம்மா சீப்பை எடுத்தாள்.

“தெரியும். பைப்பு தூக்குன அன்னைக்கே அந்த ஐயா சிங்களத்துல சொன்னாரு, ஒங்க மகதான் எடத்தைக் காட்டுச்சு, நல்ல புள்ளன்னு.”

நாலு மாதம். பெரியம்மா சாபம் விட்ட அத்தனை காலையும் அவள் தெரிந்துகொண்டேதான் வாளியைத் தூக்கியிருக்கிறாள். ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன்.

“கேட்டா நீ வேலைய விட்டுட்டு வந்திருப்ப,” என்றாள். “தண்ணி கீழ ஆத்துலயாவது கெடக்குது, எறங்குனா அள்ளிட்டு வந்துறலாம். ஒனக்கு ஒரு வேலைய நான் எந்த ஆத்துல போயி அள்ளுவேன்?”

சொல்லிவிட்டு, சிரிக்கக் கூடாத அந்த இடத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.